சிங்கப்பூரிலிருந்து நடுகல் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஆவணம், செலவு, நேரம்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்கப் போகிறவருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. நடுகல் அப்படியல்ல. ஊர் மாட்டைக் கவர வந்தவர்களோடு மோதி இறந்தவனுக்கும், புலியோடு பொருது மாண்டவனுக்கும், கொற்றவை முன் தன் தலையைத் தானே அரிந்து கொடுத்தவனுக்கும் எடுத்த கற்கள் வடதமிழ்நாட்டின் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கின்றன. பெரும்பாலானவற்றுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, நுழைவுச்சீட்டு கிடையாது, கைப்பேசி வரைபடத்திலும் இருக்காது.

சிங்கப்பூரிலிருந்து குடும்பமும் நண்பர்களுமாகப் போன எங்களுக்கு அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அதில் பாதி விசாவாலும் கிழமையாலும் லாட்ஜாலும் வந்தது. அது உங்களுக்கு வரவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரலாற்றுக்கு வேறு நல்ல நூல்கள் உண்டு, இங்கே போய்வரும் வழி மட்டும்.

1. எந்தக் கல் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

“நடுகல் பார்க்கப் போகிறோம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினால் ஐந்து நாளும் காரிலேயே போய்விடும். எந்தக் கல் என்பதைப் பொறுத்துத்தான் இறங்க வேண்டிய விமான நிலையமே மாறும்.

ஆநிரைப் போரில் இறந்தவர்களின் பழைய கற்கள், அதாவது வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வாசகம் வெட்டிய பல்லவர் காலக் கற்கள் வேண்டுமானால் திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கமும் தருமபுரி மாவட்டமும் உங்கள் இடம். கல்வெட்டோடு கூடிய கற்கள் இவ்வளவு நெருக்கமாகக் கிடைப்பது இங்கேதான். அடுக்கடுக்காகச் செதுக்கிய, வீரனைத் தேவமகளிர் மேலே அழைத்துப் போவது போன்ற பிற்காலக் கற்கள் வேண்டுமானால் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் போகலாம். அங்கே கன்னடம், தெலுங்கு எழுத்துள்ள கற்களும் வரும், திகைக்காதீர்கள்.

நவகண்டம், அரிகண்டம் என்று சொல்கிற தன்பலிச் சிற்பங்கள் தனி. ஒரு கையால் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கழுத்தில் கத்தி வைத்திருக்கும் உருவம், அல்லது இரு கையாலும் வளைந்த கத்தியைப் பிடித்துப் பிடரியில் வைத்திருக்கும் உருவம். தனிக்கல்லாக இவை பல ஊர்களில் சிதறிக் கிடப்பதால் புதியவர் தேடிப் பிடிப்பது கடினம். எளிய வழி, கோயில்களில் இருக்கும் கொற்றவைச் சிற்பங்களில் தொடங்குவது. மாமல்லபுரம் ஐந்து ரதங்களில் திரௌபதி ரதத்தின் உள்சுவரில், தேவியின் காலடியில் மண்டியிட்டுத் தன் தலையை அரியும் வீரனைப் பார்க்கலாம். அங்கேயே வராக மண்டபத்திலும் இதே காட்சி உண்டு. திருச்சி மலைக்கோட்டையின் கீழ்க் குடைவரையில் ஒன்று. தஞ்சாவூர், கும்பகோணம் சாலையில் பசுபதிகோவிலை ஒட்டிய புள்ளமங்கைக் கோயிலின் வடபுறச் சுவர் மாடத்தில் இன்னொன்று. இந்த நான்குக்கும் யாரையும் வழி கேட்டு அலைய வேண்டாம்.

ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். ஐந்து நாள் இருந்தால் செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி போதும், வழியில் மாமல்லபுரம். மூன்று நாள்தான் என்றால் திருச்சியில் இறங்கி மலைக்கோட்டையும் புள்ளமங்கையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

2. கிளம்புமுன் செய்ய வேண்டிய படிப்பு

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலை எப்படியாவது பார்த்துவிடுங்கள். ஊர் வாரியாகக் கல்வெட்டு வாசகம் இருக்கும். உங்கள் பயணப் பட்டியல் அதிலிருந்தே கிடைத்துவிடும். தொல்லியல் துறையின் பழைய வெளியீடுகள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சு நூல் வேண்டுமானால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் தேடிப் பாருங்கள். அங்குள்ள நூல்களை வீட்டுக்கு இரவல் எடுக்க முடியாது, எனவே ஒரு சனிக்கிழமையை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

பட்டியல் போடும்போது ஒரு விஷயம். நூலில் ஓர் ஊரின் பெயர் இருந்தால் கல் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல கற்களை அருங்காட்சியகங்களுக்குக் கொண்டு போய்விட்டார்கள். சில கற்களுக்குச் சாலை அகலப்படுத்தியபோதோ கோயில் கட்டியபோதோ இடம் மாறிவிட்டது. ஒவ்வோர் ஊருக்கும் நேராக ‘கல் இப்போது எங்கே?’ என்று ஒரு கட்டம் போட்டு, விசாரித்து நிரப்புங்கள்.

விசாரிப்பதற்கு உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களைப் பிடியுங்கள். திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம், கிருஷ்ணகிரி மாவட்ட வரலாற்று ஆய்வு மற்றும் ஆவணப்படுத்தும் குழு போன்ற அமைப்புகள் புதுப்புதுக் கற்களைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கின்றன. இவர்களெல்லாம் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் அலைகிறவர்கள். “எல்லா இடமும் கூட்டிட்டுப் போங்க” என்று கேட்பது அநியாயம். இந்த இந்த ஊர், இந்த இந்தக் கல் என்று குறிப்பாகக் கேட்டால் மனமுவந்து வழி சொல்வார்கள்.

வட்டெழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுதாகப் படிக்க வராது, வேண்டியதும் இல்லை. நடுகல் வாசகத்துக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: ‘கோவிசைய’ என்று தொடங்கி அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், ‘தொறு’ என்ற மாட்டு மந்தை, அதை மீட்டோ கவர்ந்தோ ‘பட்டான்’ (இறந்தான்) இன்னான், கடைசியில் ‘கல்’. இந்த ஐந்தாறு சொற்களின் வடிவம் கண்ணுக்குப் பழகிவிட்டால் எந்தக் கல்லின் முன் நின்றாலும் ஏதாவது ஒன்று பிடிபடும். ‘ப’வும் ‘வ’வும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள்.

என்னைக் கேட்டால் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லின் வாசகம். பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் தொறு மீட்கும் சண்டையில் இறந்த வீரனோடு, இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லி வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த பிள்ளைகளை வெயிலில் நடக்க வைத்தது அந்த நாய்தான்.

3. கடவுச்சீட்டு, விசா, அட்டைகள்

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்தியா போக விசா வேண்டும். இணைய வழிச் சுற்றுலா விசா போதும். கடவுச்சீட்டு இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சதுரப் புகைப்படம் ஒன்று, கடவுச்சீட்டின் விவரப் பக்கம் பிடிஎஃப் கோப்பாக ஒன்று. கட்டணம் 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று விசா வகைக்கு ஏற்ப மாறும், அமெரிக்க டாலரில் கட்ட வேண்டும். பயணத்துக்கு நான்கு நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம் என்பது விதி. இரண்டு வாரம் முன்பே செய்துவிடுங்கள்.

இதில் கண்ணிகள் பல.

முதலாவது, போலித் தளங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் முகவர்களின் தளம். அரசுச் சின்னம் போலவே ஒன்று வைத்து இரண்டு மூன்று மடங்கு பணம் வாங்குவார்கள். முகவரியின் முடிவில் இந்திய அரசுக்குரிய ‘கவ் டாட் இன்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது நம்மவர்களுக்கே உரிய தொல்லை: பெயர். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்று சாய்கோட்டோடு தந்தை பெயர் வரும். விசாப் படிவம் சாய்கோட்டை ஏற்காது. கடவுச்சீட்டின் அடியில் எந்திரம் படிக்கும் இரண்டு வரி இருக்கிறது அல்லவா, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அதையே விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் கொடுங்கள். இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

படிவம் நீளமானது. பெற்றோர் பிறந்த ஊர், கடந்த பத்து ஆண்டில் போன நாடுகள், இந்தியாவில் ஒருவர் முகவரி, சிங்கப்பூரில் ஒருவர் முகவரி எல்லாம் கேட்கும். இந்தியாவில் உறவினர் இல்லாவிட்டால் தங்கும் விடுதியின் முகவரியைக் கொடுக்கலாம். நடுவில் பக்கம் தானாக மூடிக்கொள்ளும், அதனால் முதல் பக்கத்தில் வரும் தற்காலிக எண்ணைக் குறித்து வைத்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

பயண நோக்கத்தில் ‘ஆய்வு’ என்று எழுதாதீர்கள். சுற்றுலா விசாவில் ஆய்வு செய்ய அனுமதி இல்லை, அதற்கு வேறு விசா. நீங்கள் போவது பார்ப்பதற்கு, அதையே எழுதுங்கள். ஊரில் யாராவது அதிகாரி கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

ஓசிஐ அட்டை, அதாவது இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டை, வைத்திருப்பவருக்கு விசா வேண்டாம். ஆனால் புதிய கடவுச்சீட்டு எடுத்திருந்தால் அதன் விவரத்தை ஓசிஐ தளத்தில் பதிவேற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். இன்னொரு லாபம், இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் ஓசிஐ அட்டைக்கு இந்தியர் கட்டணமே. மாமல்லபுரத்தில் இது 600 ரூபாய்க்கும் 40 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம், அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு வராதீர்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் இந்தியாவுக்குள் போவதில் சிக்கல் இல்லை. திரும்பி வருவதற்கு மறுநுழைவு அனுமதி காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள்.

வெளிநாட்டவர் இந்தியாவில் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணைய வருகை அட்டையை நிரப்ப வேண்டும். திரும்பும்போது, சாங்கி வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டை. இரண்டுமே இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

கொண்டு போகக் கூடாதவை: டிரோன், செயற்கைக்கோள் தொலைபேசி. டிரோன் இறக்குமதிக்கு இந்தியா 2022இலேயே தடை போட்டுவிட்டது. மலையேற்றத்துக்கு வைத்திருக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவியும் இதில் சேரும், விமான நிலையத்திலேயே காவல்துறை வரை போகும் விவகாரம் அது.

4. எப்போது போவது

பொங்கல் முடிந்த பிறகு தொடங்கிப் பிப்ரவரி கடைசி வரை. வேறு எந்த மாதத்தையும் நான் சொல்ல மாட்டேன். பல வயல்களில் அறுவடை முடிந்திருக்கும், புதர் காய்ந்திருக்கும், வரப்பில் இருக்கும் கல் தூரத்திலேயே தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏரிக்கரைக் கற்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், செடி இடுப்பளவு வளர்ந்திருக்கும், பாம்பும் இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து வெயில் மண்டையைப் பிளக்கும்.

நமக்கு வசதி, சீனப் புத்தாண்டு விடுமுறை இந்தக் காலத்துக்குள் பெரும்பாலும் விழுந்துவிடும். அதோடு இரண்டு மூன்று நாள் விடுப்பு சேர்த்தால் ஐந்து நாள் தேறும். ஜூன் பள்ளி விடுமுறையில்தான் முடியும் என்றால் காலை ஆறு முதல் பத்து வரை வெளியே, அப்புறம் அருங்காட்சியகம், மறுபடி நான்கு மணிக்கு மேல் வெளியே என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கிழமை முக்கியம். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாவட்டங்களில் இரண்டாவது சனிக்கிழமையும் மூடியிருக்கும். சிங்கப்பூரில் வியாழன் இரவு ஏறி வெள்ளி, சனி, ஞாயிறு என்று திட்டம் போடுகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள்.

பௌர்ணமி நாளைத் தவிருங்கள். திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம், அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை எங்கேயோ இருக்கும், ஊரைச் சுற்றிச் சாலையெல்லாம் தடுப்பு. கார்த்திகை தீபத்தின்போது அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம்.

5. எந்த விமான நிலையம்

சென்னை, திருச்சி, பெங்களூரு மூன்றுக்கும் நேரடி விமானம் உண்டு, நான்கு மணி நேரம், நாலரை மணி நேரம். இணைய விசா மூன்றிலும் செல்லும்.

வரைபடத்தைப் பார்த்தால் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் பெங்களூரு பக்கம் போலத் தெரியும். ஊர் பக்கம்தான். ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே, நீங்கள் போக வேண்டிய ஓசூர்ச் சாலை தெற்கே. நடுவில் பெங்களூருப் போக்குவரத்து. ஓசூர் தாண்டவே அரை நாள் போகலாம். கர்நாடகப் பதிவு வண்டி எடுத்தால் தமிழ்நாட்டுக்குள் நுழைய அனுமதி வரியும் உங்கள் தலையில்தான்.

சென்னையில் இறங்கி, மாமல்லபுரம் வழியாகத் திருவண்ணாமலை, செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று மேற்கே போய், திரும்பும் விமானத்தை மட்டும் பெங்களூரிலிருந்து பிடிப்பது நல்ல ஏற்பாடு. வந்த வழியே முந்நூறு கிலோமீட்டர் திரும்ப வேண்டியதில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பும் கூலியை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

6. கார், தங்குமிடம், பணம்

பேருந்தில் போய் நடுகல் பார்க்க முடியாது என்றில்லை, ஒரு நாளைக்கு ஒரு கல் பார்க்கலாம். நான்கு பேர் சேர்ந்து ஓட்டுநரோடு கார் எடுங்கள்.

கணக்கு இப்படி வரும். வெளியூர் வாடகை கிலோமீட்டருக்குச் சுமார் 14 ரூபாய், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர். நீங்கள் 90 கிலோமீட்டர்தான் ஓடினாலும் 250க்குத்தான் காசு. ஓட்டுநர் பேட்டா நாளுக்கு 500 ரூபாய் அளவில். ஐந்து நாளுக்கு வாடகை 17,500, பேட்டா 2,500, சுங்கச்சாவடியும் நிறுத்துமிடமும் 2,000 என்று வைத்தால் 22,000 ரூபாய். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) 65 ரூபாய் என்று போட்டால் 340 சிங்கப்பூர் வெள்ளிக்குள். தலைக்கு 85. விமானச் சீட்டு தலைக்கு 300 முதல் 500 வெள்ளி வரை வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறைக் காலத்தில் அதற்கு மேல். அறை, சாப்பாடு, நுழைவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு எண்ணூறிலிருந்து ஆயிரம் வெள்ளியில் பயணத்தை முடிக்கலாம்.

ஓட்டுநரை அமர்த்தும்போதே ‘மண் சாலை, வயல்வழி எல்லாம் போக வேண்டியிருக்கும்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முதல் நாளே முகம் கறுத்துவிடும். உயரம் குறைந்த புது சீடான் கார் வேண்டாம்.

தங்குமிடத்தில்தான் எங்களுக்கு நல்ல அடி. இணையத்தில் பணம் கட்டி உறுதி செய்த ஒரு லாட்ஜ், இரவு ஒன்பது மணிக்குக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் “ஃபாரின் பாஸ்போர்ட்டுக்கு ரூம் இல்லீங்க” என்று சொல்லிவிட்டது. காரணம் இதுதான்: வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் அதை அரசுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும், ‘சி ஃபார்ம்’ என்பார்கள். சின்ன ஊர் லாட்ஜ்களில் பலருக்கு அதற்கான கணக்கே இல்லை. முன்பதிவு செய்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு, “சிங்கப்பூர் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?” என்று கேட்டு ‘ஆமாம்’ என்ற பதிலை வாட்ஸ்அப்பிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலையில் வெளிநாட்டவர் வருகை அதிகம் என்பதால் அங்கே பிரச்சினை குறைவு. உறவினர் வீட்டில் தங்கினாலும் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு, தர்மசங்கடம்தான், ஆனால் சொல்லிவிடுவது நல்லது.

ஊருக்குள் எல்லோரும் கியூஆர் அட்டை நீட்டுவார்கள், நம் சிங்கப்பூர் வங்கிச் செயலி அங்கே வேலை செய்யாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள் நிறைய வைத்திருங்கள். தேக்காவில் மாற்றும்போதே சின்னத் தாள் கேட்டுப் பாருங்கள்.

7. முதலில் அருங்காட்சியகம், பிறகு வயல்

நேராக வயலுக்குப் போகாதீர்கள். எண்ணெய் ஏறிக் கறுத்த கல்லில் முதல்முறை பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் உண்டு, ஆனால் அங்கே நூறு விஷயங்களுக்கு நடுவில் அது ஒரு மூலை. எனக்குப் பிடித்தது தருமபுரியில் தொல்லியல் துறை வைத்திருக்கும் அகழ்வைப்பகம் என்ற அருங்காட்சியகம். நடுகற்களே அங்கே பிரதானம், கிட்டே நின்று பார்க்கலாம். அடுத்து கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம்.

கல்லில் என்ன பார்க்க வேண்டும்? வீரன் கையில் வில்லா, குறுவாளா, கேடயமா. உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா. காலடியில் கெண்டி, சிமிழ் போன்ற சின்னப் பொருள்கள் இருக்கின்றனவா, பழைய கற்களில் இவை வரும். மாடுகள் உண்டா. பக்கத்தில் பெண் உருவம் இருந்தால் உடன்கட்டை ஏறிய மனைவியாக இருக்கலாம். எழுத்து தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் ஓடும், அங்கே தேடுங்கள். ஒரு மணி நேரம் இப்படிப் பார்த்தால் போதும், மறுநாள் வயலில் உங்கள் கண் தானாக வேலை செய்யும்.

8. ஊருக்குள் எப்படிக் கேட்பது

இதுதான் இந்தக் கட்டுரையின் பாதி. ‘நடுகல்’ என்று கேட்டால் ஊரில் பலருக்குத் தெரியாது.

“அண்ணே, இங்க நடுகல் எங்க இருக்குங்க?”

“அப்படி ஒண்ணும் நம்ம ஊர்ல இல்லீங்களே.”

“கத்தி, வில்லு வச்சிக்கிட்டு ஆள் நிக்கிற மாதிரி கல்லுங்க…”

“அட, வேடியப்பனைக் கேக்கறீங்களா! அதோ, அந்தப் புளியமரத்துக்குப் பின்னால.”

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் இந்தக் கற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் சாமி. கொங்குப் பக்கம் புலிகுத்திக்கல் என்று கேளுங்கள். டீக்கடையில் விசாரிப்பது நல்லது, கைப்பேசியில் கல்லின் படத்தைக் காட்டிக் கேட்டால் இன்னும் நல்லது. ஆடு மேய்க்கும் பெரியவர்களுக்குத் தெரியாத கல் கிடையாது.

கிராமத்தில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய அனுமதி மூன்று பேரிடமிருந்து: நிலத்துக்காரர், கோயில் என்றால் பூசாரி, ஊர்ப் பெரியவர் யாராவது ஒருவர். தமிழில் ஒரு பக்கக் கடிதம் தயாராக வைத்திருங்கள்: பெயர், எங்கிருந்து வருகிறோம், இந்தக் கல்லைப் பார்த்துப் படம் எடுக்க வந்திருக்கிறோம், தோண்டவோ நகர்த்தவோ மாட்டோம், தேதி, கையெழுத்து. கூடவே கடவுச்சீட்டு நகல். பெரும்பாலும் யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் கார் நிறையப் புது ஆட்கள் வந்து பழைய கல்லைச் சுற்றி நின்றால் ஊருக்குப் புதையல் சந்தேகம் வரும், சிலைத் திருட்டுச் சந்தேகமும் வரும். அந்தச் சந்தேகம் நியாயமானது. கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அந்தக் கேள்வி எழும்போது பதில் இருக்கும்.

கல் காட்டுக்குள் இருக்கிறது என்று யாராவது சொன்னால், காப்புக்காடா என்று கேளுங்கள். ஆம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். ஓசூர், அஞ்செட்டிப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. ஜவ்வாது மலைக்கும் இதே எச்சரிக்கை. “நான் கூட்டிட்டுப் போறேன் வாங்க” என்று உற்சாகமாகக் கிளம்புகிறவர் மாட்டினால் அபராதம் கட்டிவிட்டுத் தப்பிவிடுவார், விசாவில் வந்திருக்கும் உங்களுக்கு அது பெரிய தலைவலி.

சாமிக்கு வேட்டி கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல்லாதீர்கள். எப்போது அபிஷேகம் என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள், கல் முழுதாகத் தெரியும். தேங்காய், கற்பூரம், ஒரு முழம் பூ வாங்கிப் போவது மரியாதை. சில இடங்களில் பெண்கள் கல்லை நெருங்குவதில்லை என்ற வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனாலும் இது அவர்கள் கோயில் என்பதால் கேட்டுவிட்டே போனோம். வழிகாட்டியாக வந்தவருக்கு அரை நாளுக்கு 500 ரூபாய் கொடுக்கலாம். பூசாரிக்குத் தட்டில், கோயிலுக்கு உண்டியலில்.

9. கல்லின் முன்னால்

கோலமாவு, சுண்ணாம்புக்கட்டி, விபூதி எதையும் எழுத்தில் தடவாதீர்கள். தடவினால் படிக்க வசதியாக இருக்கும், உண்மைதான். கல் தேயும், அடுத்து வருபவர் உங்கள் தவறான வாசிப்பைத்தான் படிப்பார். கல்லில் தாளை ஒட்டி மை தட்டி எழுத்தைப் பதிக்கும் மைப்படி எடுப்பது தொல்லியல் துறையின் அனுமதியோடு பயிற்சி உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

எழுத்தைப் படிக்கத் தேவை பக்கவாட்டு வெளிச்சம் மட்டும். வெயில் நேராக விழும் கல்லில் ஆழமில்லாத எழுத்து மறைந்துவிடும். ஒரு கறுப்புக் குடையால் கல்லுக்கு நிழல் கொடுத்து, இன்னொருவர் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கத்தில் பிடித்தால் எழுத்து எழுந்து வரும். இடது, வலது, மேல் என்று மூன்று பக்கமிருந்தும் ஒளி விட்டு மூன்று படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து ஒரு படம், சுற்றுப்புறம் தெரிய ஒரு படம். வடக்கோ தெற்கோ பார்த்து நிற்கும் கல்லுக்குக் காலையும் மாலையும் இயற்கையாகவே இந்த வெளிச்சம் கிடைக்கும். கிழக்குப் பார்த்த கல்லுக்குப் பத்து மணிக்கு மேல், வெயில் உச்சியிலிருந்து வழியும்போது போங்கள்.

மாமல்லபுரத்தில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும், கையில் பிடித்தே எடுங்கள். திரௌபதி ரதத்தின் உள்ளே இருட்டு, கண் பழக ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

கழற்றி மாட்ட எளிதான காலணி, முழுக்கால் சட்டை, தண்ணீர், கொசு மருந்து. வேறு ஒன்றும் சிறப்பாக வேண்டாம்.

10. திரும்பும்போது

வயலில் கிடந்த உடைந்த சிற்பத் துண்டை யாராவது அன்பாகக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் எதையும் தனியார் இந்தியாவுக்கு வெளியே கொண்டு போவது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி குற்றம். துண்டாக இருந்தாலும் குற்றமே.

மாமல்லபுரத்துப் பட்டறையில் புதிதாகச் செதுக்கிய சிற்பம் வாங்கலாம். தேதியும் கடையின் பெயரும் போட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். பழசு போல நிறமேற்றிய சிற்பம் என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்காமல் விமான நிலையத்துக்குக் கொண்டு போகாதீர்கள். சான்றிதழுக்கு நாள் பிடிக்கும், கடைசி நாளில் வாங்கினால் நேரம் இருக்காது. கருங்கல் கனமும் கனம், ஒரு முழம் உயரச் சிற்பம் உங்கள் பெட்டியின் முழு எடையையும் தின்றுவிடும். 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்த சிங்கப்பூரருக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி விலக்கு உண்டு. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 9 விழுக்காடு வரி, சாங்கியில் சிவப்புத் தடத்தில் போய் அறிவித்துவிடுங்கள்.

படங்களை இணையத்தில் போடுவதாக இருந்தால் இருப்பிடக் குறியீட்டை நீக்கிவிட்டுப் போடுங்கள். ஊர்ப் பெயர் போதும், எந்த வயல், எந்த மரம் என்ற விவரம் சிலைத் திருடனுக்குத்தான் உதவும். துல்லியமான இடத்தை மாவட்ட வரலாற்றுக் குழுவுக்கும் அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கும் தனியாக அனுப்புங்கள். நூலில் இருக்கும் கல் இடம் மாறியிருந்தாலோ உடைந்திருந்தாலோ அதையும் தேதியோடு எழுதி அனுப்பலாம். பூசாரிக்கும் நிலத்துக்காரருக்கும் நல்ல படம் இரண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது கடிதத்தை எடுக்கவே வேண்டியிருக்காது.